தேடல் பெட்டியை விலைக்கு வாங்குவது யார்? இணைய விற்பனையகங்களின் மென்பொருள் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இணைய விற்பனையகத்தின் முகப்பில் இருக்கும் தேடல் பெட்டி எல்லாக் கடைகளிலும் ஒன்றுபோலவே தெரிகிறது. அதன் பின்னால் இயங்குவதோ மூன்றில் ஒன்று: கடையே எழுதிக்கொண்ட தேடுபொறி, கடை ஓடும் வணிகத் தளத்தோடு சேர்ந்து வந்த தேடல், அல்லது இதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திடம் சந்தா கட்டி வாங்கிய மென்பொருள். இந்த மூன்றாவது வழியை எந்தக் கடைகள் தேர்கின்றன என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. பெரிய கடைகள் வாங்கும், சிறிய கடைகள் வாங்கா என்பது எவருக்கும் முதலில் தோன்றும் விடை. வெளிப்படையாகப் பதிவாகியிருக்கும் நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த விடை நிற்பதில்லை. மிகப் பெரிய கடைகள் சில, வாங்கியிருந்ததையே கைவிட்டிருக்கின்றன. சிறிய கடைகள் பல, தாம் ஒரு தேர்வைச் செய்ததாகவே உணராமல் அத்தகைய மென்பொருளுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. வாங்க வருபவர் பேசும் சொல்லுக்கும் சரக்குப் பட்டியலில் பதிந்திருக்கும் சொல்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதும், அந்தத் தூரத்தை நாள்தோறும் குறைத்துக்கொண்டே இருக்கக் கடையில் ஆள் உண்டா என்பதும், விற்பனைத் தொகையைவிடத் தெளிவாக இந்த முடிவை விளக்குகின்றன என்பது என் துணிபு.

வால்மார்ட் வாங்கியதும் விட்டதும்

எண்டெகா நிறுவனம் 1999-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்டது. அது விற்றது வெறும் தேடுபொறியை அன்று. தேடி வந்த முடிவுகளை நிறம், அளவு, விலை, தயாரிப்பாளர் என்று பல பக்கங்களிலிருந்தும் குறுக்கிக்கொண்டே போகும் வசதியை. இன்று கடைகளின் இடப்புறத்தில் தென்படும் வடிகட்டி வரிசை வணிகத்துக்குள் பரவியதில் எண்டெகாவுக்குப் பெரிய பங்குண்டு. அந்தக் கருத்தின் வேர் நூலகவியலில் இருக்கிறது. எஸ். ஆர். ரங்கநாதன் 1933-ஆம் ஆண்டு வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே கிளையின் நுனியில் தொங்கவிடாமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துச் சேர்க்கும் வழியைக் காட்டியது. ஒரே காலணி 'ஆண்கள்' என்ற கிளையிலும் 'ஓட்டப் பயிற்சி' என்ற கிளையிலும் 'தள்ளுபடி' என்ற கிளையிலும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்ற சிக்கலைக் கடைக்காரர்கள் சந்திப்பதற்கு நெடுநாள் முன்பே நூலகர்கள் அதைத் தீர்த்து வைத்திருந்தார்கள் என்பது இத்துறையில் வேலை செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

வால்மார்ட், ஹோம் டிப்போ போன்ற பெரும் வணிகர்கள் எண்டெகாவை ஏற்றதற்கான காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. பல்வேறு துறைச் சரக்குகளை ஒரே கூரையின்கீழ் விற்கும் கடையில், பிரிவு, உட்பிரிவு என்று கீழிறங்கும் மரம் விரைவில் பயனற்றுப் போகிறது. துளையிடும் கருவிக்கு வேண்டிய வடிகட்டியும் மேசை விளக்குக்கு வேண்டிய வடிகட்டியும் வேறுவேறு. இவற்றைச் சரக்கின் பண்புகளிலிருந்தே தானாக உருவாக்கித் தரும் மென்பொருள் கிடைத்தபோது அவர்கள் அதை வாங்கினார்கள்.

2011-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன. ஏப்ரலில் வால்மார்ட், ஆனந்த் ராஜாராமனும் வெங்கி ஹரிநாராயணும் தொடங்கியிருந்த காஸ்மிக்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கும் முடிவை அறிவித்தது. அக்டோபரில் எண்டெகாவை ஆரக்கிள் வாங்கப்போவதாக அறிவிப்பு வெளியானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், காஸ்மிக்ஸ் வழியாக வந்த குழு எழுதிய 'போலாரிஸ்' என்ற தேடுபொறி தன் தளத்தில் இயங்குவதாக வால்மார்ட் தெரிவித்தது. தேடிய பின் வாங்கி முடிப்பவர்களின் எண்ணிக்கை 10 முதல் 15 சதவீதம் வரை கூடியிருப்பதாகவும் சொன்னது. அது நிறுவனமே தன்னைப் பற்றிச் சொன்ன கணக்கு என்பதை மறக்கக் கூடாது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நிகழ்வின் வடிவம் மாறுவதில்லை. ஒரு மென்பொருளை உரிமம் பெற்றுப் பயன்படுத்திவந்த கடை, அந்த வேலையைத் தெரிந்த ஆட்களை நிறுவனத்தோடு சேர்த்து வாங்கி, வெளியிலிருந்து வந்த தேடலைத் தன் சொந்தத் தேடலால் மாற்றியது.

இது வால்மார்ட்டுக்கு மட்டும் உரிய போக்கு அன்று. அமேசான் 1998-லேயே, அதே ராஜாராமனும் ஹரிநாராயணும் பங்கேற்றுத் தொடங்கியிருந்த ஜங்லி நிறுவனத்தை வாங்கியது. 2003-ல் தேடலுக்கென்றே ஏ9 என்ற துணை நிறுவனத்தை அமைத்தது. ஈபே தன் பழைய 'வாயேஜர்' பொறிக்கு மாற்றாக 'காசினி' என்ற புதியதைத் தானே எழுதி 2013-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தையான எட்ஸி 2016-ல் தேடலைச் செம்மைப்படுத்தும் நோக்கத்தோடு பிளாக்பேர்டு டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. மேல்தட்டில் இருக்கும் கடைகள் மென்பொருளை வாங்குவதைக் காட்டிலும் அதை எழுதக்கூடியவர்களை வாங்கவே விரும்புகின்றன.

ஏன் என்பதற்குப் பணம் மட்டும் விடையாகாது. ஈபேயையும் எட்ஸியையும் எடுத்துக்கொண்டால், அங்கே சரக்கைப் பதிவது கடை அன்று, இலட்சக்கணக்கான தனி விற்பனையாளர்கள். ஒரே பொருளை ஒருவர் ஒரு பெயரில் எழுதுவார், இன்னொருவர் வேறொரு பெயரில் எழுதுவார். பல பொருள்கள் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், விற்றவுடன் அவற்றைப் பற்றிச் சேர்த்த அறிவும் பயனற்றுப் போகும். ஆயத்தமாக விற்கப்படும் தேடல் மென்பொருள்கள் ஒழுங்கான சரக்குப் பட்டியலை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. இத்தகைய சந்தைகளில் தேடல் என்பதே கடை. அதை வெளியாரிடம் கொடுத்துவிட்டுக் கடை தன்னிடம் எதை வைத்துக்கொள்ளும்? இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1150 எண்ணுள்ள ஒழுங்குமுறை 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. முடிவுகளை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்கள் எவை என்பதை, தம்மிடம் விற்பவர்களுக்கு இணையச் சந்தைகள் தெரிவிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. வரிசையை முடிவு செய்வது தன் கையில் இல்லாத சந்தைக்கு இந்தக் கேள்விக்கு விடை எழுதுவது எளிதாக இராது.

தேர்வு செய்யாமலே ஏற்றவர்கள்

மறுமுனையில் இருப்பவர்களின் கதை வேறு. இணையக் கடைகளைக் கட்ட உதவும் வணிகத் தளமான மெஜன்டோவின் 2.4 பதிப்பு 2020 ஜூலையில் வெளியானபோது, அதுவரை மைசீக்வல் தரவுதளத்தைக் கொண்டே தேடலை ஓட்டிவந்த கடைகளுக்கு அந்த வழி அடைபட்டது. சரக்குத் தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடுபொறி கட்டாயமாயிற்று. புதிய பதிப்புக்கு மாறிய ஒவ்வொரு கடையும் முழுமையான தேடுபொறி ஒன்றைச் சர்வரில் நிறுவிப் பராமரிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. அவற்றின் உரிமையாளர்கள் எவரும் கூட்டம் போட்டு அந்த முடிவை எடுக்கவில்லை. தளம் எடுத்த முடிவு அது. அந்தச் சுமையைத் தாங்க விரும்பாத கடைக்கு, நினைவகமும் பராமரிப்பும் வேண்டாத, வெளியில் ஓடும் தேடல் சேவைக்குச் சந்தா கட்டுவது எளிய மாற்றாகத் தெரிவது இயல்பு. ஒரு கடை தேடல் மென்பொருளை ஏற்குமா என்பதை அறிய, அது எந்தத் தளத்தில் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று கேட்பது, அதன் விற்பனை எவ்வளவு என்று கேட்பதைவிடப் பயன் தரும் என்று நான் கருதுவது இதனால்தான்.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கைச் சேர்ப்பது பொருத்தம். எலாஸ்டிக்சர்ச்சும் அதற்கு முன்வந்த சோலர் என்ற தேடுபொறியும் லூசீன் என்ற திறமூல நிரல்தொகுப்பின் மேல் கட்டப்பட்டவை. சோலர் 2004-ல் சிநெட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்காக எழுதப்பட்டு, 2006-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. தன் தளத்தின் தேவைக்கு எழுதியதைப் பொதுவில் வைத்த அந்தச் செயல், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எண்ணற்ற கடைகளுக்குச் சொந்தமாகத் தேடலைக் கட்டும் வாய்ப்பைக் கொடுத்தது. திறமூலம் என்பதாலேயே எல்லாம் நிலையானது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் தன் உரிம விதிகளை மாற்றியது. அதே ஆண்டில் அமேசான் வெப் சர்வீசஸ் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற கிளையைப் பிரித்தது. மெஜன்டோவின் பின்வந்த பதிப்புகள் அதையும் ஏற்றுக்கொண்டன.

வேர்டுபிரஸ் தளத்தில் ஓடும் சிறிய கடைகளுக்கு வருவோம். அதன் இயல்பான தேடல், தட்டிய சொல் தலைப்பிலோ விவரத்திலோ அப்படியே இருக்கிறதா என்று தரவுதளத்தில் பார்க்கிறது. எழுத்துப்பிழையை அது பொறுப்பதில்லை, ஒத்தசொல்லை அறிவதில்லை. எண்பது பொருள்களை விற்கும் கடைக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை, ஏனெனில் வருபவர் கண்ணாலேயே பட்டியலைப் பார்த்து முடித்துவிடுவார். இத்தகைய கடைகள் தேடல் மென்பொருளை வாங்காமல் இருப்பது சரியான முடிவே.

சரக்கின் வடிவம்

சொந்தமாகப் பொறியாளர் படையைக் கட்ட இயலாத, ஆனால் தளத்தோடு வந்த தேடல் போதாத இடைத்தட்டுக் கடைகளே சந்தாத் தேடலின் உண்மையான சந்தை. ப்ளூம்ரீச், அல்கோலியா, கோவியோ, க்ளெவு, கன்ஸ்ட்ரக்டர் போன்ற தேடல் மென்பொருள் நிறுவனங்கள் இவர்களையும் நாடுகின்றன. ஆனால் இந்த நடுத்தட்டுக்குள்ளும் எல்லாரும் வாங்குவதில்லை. இங்கேதான் சரக்கின் வடிவம் முன்னுக்கு வருகிறது.

புத்தகக் கடையை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியல் பல இலட்சம் வரிகள் நீளலாம். ஆனால் வருபவர் நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ தட்டுகிறார். ஒவ்வொரு பதிப்புக்கும் 2007 முதல் 13 இலக்கமாக வழங்கும் ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறது. பதிப்பாளர்களிடமிருந்து ஒழுங்கான விவரங்கள் வருகின்றன. பட்டியல் பெரிது, சொல்தூரம் குறைவு. பெயர்களின் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் அளவில் நன்கு அமைத்த திறமூலத் தேடல் இங்கே பெரும்பாலும் போதும். ஆடைக் கடையில் நிலைமை தலைகீழ். சில ஆயிரம் பொருள்களே இருக்கும். ஆனால் வருபவர் 'விருந்துக்குப் போட நீல உடை' என்று கேட்கிறார், பட்டியலோ 'நேவி, மிடி, கிரேப்' என்று நிறத்தையும் நீளத்தையும் துணிவகையையும் துறைச்சொற்களில் எழுதியிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் சரக்கு மாறுவதால் சேர்த்த ஒத்தசொற்களும் பழசாகின்றன. ஆடைக் கடையைத் தேடல் மென்பொருள் விற்பவர்கள் விரும்பி நாடுவதற்கும், அந்தக் கடைகள் விரைவில் இணங்குவதற்கும் காரணம் இந்த வேறுபாடே. மேலும் அங்கே வருபவர்களில் பலர் எதையும் தேடி வருவதில்லை, பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஆகவே தேடலோடு பரிந்துரையும் பிரிவுப் பக்க வரிசையும் சேர்ந்து வர வேண்டியிருக்கிறது.

வாகன உதிரிப்பாகக் கடைக்கு இன்னொரு விதமான சிக்கல். 'பிரேக் பேட்' என்று தட்டுபவருக்கு ஆயிரம் விடைகள் கிடைக்கும். அவற்றில் அவருடைய வண்டிக்குப் பொருந்துவது சில மட்டுமே. பொருந்தாததை வாங்கினால் அது திரும்பி வரும். எனவே ஆண்டு, தயாரிப்பாளர், மாதிரி என்ற பொருத்த விவரம் தேடலுக்குள்ளேயே இருக்க வேண்டும். பாக எண்கள் வேறு தொல்லை தருகின்றன: கோடு, சாய்கோடு, இடைவெளி ஆகியவற்றை ஒருவர் ஒருமாதிரி தட்டுகிறார், பொதுவான தேடுபொறியோ அந்தக் குறிகளில் எண்ணைத் துண்டாக்கிவிடுகிறது. தொழிற்சாலைகளுக்கு விற்கும் மொத்த வணிகரிடமும் இதே எண் சிக்கல் உண்டு. அதோடு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒப்பந்தப்படி தனி விலை, தனிச் சரக்குப் பட்டியல் என்ற நிபந்தனையும் சேரும். இந்த இரு பிரிவினரும் மென்பொருளைத் தேடிப் போகும்போது பெயர் பெற்ற நிறுவனத்தைக் காட்டிலும் தம் சிக்கலைப் புரிந்துகொண்ட நிறுவனத்தைத் தேர்வது நல்லது. எழுத்துக்கு எழுத்து விடை காட்டும் அழகான செயல்விளக்கத்தைக் கண்டு மயங்கி, பொருத்த விவரத்தைக் கையாளத் தெரியாத மென்பொருளில் போய் விழுவது இவர்களுக்கு நேரக்கூடிய பெரிய தவறு.

மளிகைக் கடைக்கு ஒரு வரி போதும்: அங்கே பெரும்பாலானோர் முன்பு வாங்கியதையே மீண்டும் வாங்குகிறார்கள், ஆகவே பழைய வாங்கல் பதிவும் அருகிலுள்ள கிளையின் கையிருப்பும் சொற்பொருத்தத்தை முந்துகின்றன.

கடைத் தேடல் ஆவணத் தேடலிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைக் காட்ட, 2022-ல் அமேசான் ஆய்வாளர்கள் பொதுவில் வெளியிட்ட தரவுத்தொகுப்பு நல்ல சான்று. ஏறத்தாழ 1,30,000 தேடல்களும் 26 இலட்சம் மதிப்பீடுகளும் கொண்ட அது, ஆங்கிலம், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் அமைந்தது. அதில் ஒரு பொருள் தேடலுக்குப் 'பொருந்தும், பொருந்தாது' என்று இரண்டாகப் பிரிக்கப்படவில்லை. சரியானது, மாற்றாகக் கொள்ளத்தக்கது, உடன் பயன்படுவது, தொடர்பற்றது என்று நான்காகப் பிரிக்கப்பட்டது. கைப்பேசி தேடுபவருக்குக் கைப்பேசி உறை உடன் பயன்படும் பொருள். அதை முதல் வரியில் காட்டினால் அவர் சலித்துப்போவார். லூசீனில் 2016 முதல் இயல்பான மதிப்பிடும் முறையாக இருக்கும் பிஎம்25 சொற்களின் எண்ணிக்கையையும் அவை எவ்வளவு அரிதானவை என்பதையும் கணக்கிடுகிறது. 'கைப்பேசி' என்ற சொல் உறையின் தலைப்பிலும் விவரத்திலும் மறுபடி மறுபடி வந்தால், உறை மேலே ஏறுவதைத் தடுக்க அதனிடம் வழியில்லை. சொற்களின் பொருள் நெருக்கத்தை எண்களாக்கி ஒப்பிடும் வெக்டார் தேடல் ஆடைக்கடைச் சொல்தூரத்தைப் பெரிதும் குறைக்கிறது. பாக எண்ணிலோ அதுவே வினையாகிறது, ஏனெனில் ஓர் இலக்கம் மாறிய எண் நெருங்கிய எண் அன்று, தவறான எண்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கணக்கு

தேடல் பெட்டியைப் பயன்படுத்துபவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வாங்குகிறார்கள், ஆகவே தேடலைச் செம்மைப்படுத்தினால் விற்பனை பெருகும் என்ற வாதம் இத்துறையின் விற்பனைப் பேச்சுகளில் வந்துகொண்டே இருக்கிறது. முதல் பாதி பல கடைகளில் உண்மையாக இருக்கக்கூடும். இரண்டாம் பாதி அதிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. வேண்டியதை முன்பே முடிவு செய்துவிட்டு வந்தவர்தான் அதன் பெயரைத் தட்டுகிறார். சும்மா பார்க்க வந்தவர் தட்டுவதில்லை. வாங்கும் எண்ணம் தேடலை உண்டாக்கியிருக்கும்போது தேடல்தான் வாங்கும் எண்ணத்தை உண்டாக்கியது என்று படிப்பது தவறான கணக்கு. வருபவர்களைக் குலுக்கலாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய தேடலையும் மறுபாதிக்குப் புதியதையும் ஒரே காலத்தில் காட்டி, ஒருவருக்கு எவ்வளவு வருவாய் என்று அளக்கும் ஏ/பி சோதனையே நம்பத்தக்கது. பழைய மாதத்தைப் புதிய மாதத்தோடு ஒப்பிடுவது போதாது. பண்டிகையும் தள்ளுபடியும் விளம்பரமும் அந்த ஒப்பீட்டைக் கெடுத்துவிடும்.

சோதனைக்கும் முன்னால், செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. விடையே கிடைக்காமல் போன தேடல்களின் பதிவை எடுத்து, அதிகம் வந்தவற்றை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அவை எழுத்துப்பிழையாலும் ஒத்தசொல்லாலும் தவறியவை என்றால் மென்பொருள் உதவும். கடையில் இல்லாத சரக்கைக் கேட்டவை என்றால் கொள்முதல் பிரிவுக்கு அது செய்தி. நிறமும் அளவும் கேட்டும் பட்டியலில் அந்த விவரம் பதியப்படாததால் தவறியவை என்றால், முதலில் செய்ய வேண்டியது சரக்கு விவரங்களை நிரப்புவது. எண்டெகா காலத்திலிருந்து இன்றுவரை மாறாத உண்மை இது: பண்பு பதியப்படாத பொருளை எந்த வடிகட்டியாலும் வடிகட்ட முடியாது. படத்திலிருந்தும் விவரத்திலிருந்தும் பண்புகளைத் தானாக எடுக்கும் கருவிகள் இப்போது வந்திருப்பது பெரிய உதவி. அவை எடுத்ததைச் சரிபார்க்கும் பொறுப்பு கடைக்கே இருக்கிறது.

ஆள் பலம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். ஒத்தசொல் சேர்ப்பவர், எந்தச் சரக்கை முன்னே நிறுத்துவது என்று முடிவு செய்யும் மெர்ச்சண்டைசர், வாரந்தோறும் பதிவைப் படிப்பவர் ஆகிய மூவரும் ஒரே மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒருவராவது இருக்க வேண்டும். அவர் இருக்கும் கடை நடுத்தர மென்பொருளைக் கொண்டும் நல்ல பயன் பெறும். அவர் இல்லாத கடை, முதல் மாதத்தில் அமைத்ததையே அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் மென்பொருளைக் குறை சொல்லும்.

வாங்கும் காலமும் கவனிக்கத்தக்கது. ஒரு கடை தேடலை மட்டும் மாற்றுவதற்கென்று தனியே வேலையைத் தொடங்குவது கடினம். தளத்தையே மாற்றும்போது, எல்லா இணைப்புகளும் எப்படியும் பிரிக்கப்படுவதால், தேடலும் சேர்ந்து மாறுவது எளிது. கட்டண முறையை அந்த நேரத்திலேயே உன்னிப்பாகப் படிக்க வேண்டும். தேடல் கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் என்றால், எழுத்துக்கு எழுத்து விடை காட்டும் பெட்டியில் ஒருவர் செய்யும் ஒரே தேடல் பல கோரிக்கைகளாகப் பதிவாகக்கூடும். தானியங்கி நிரல்கள் பக்கங்களைத் துழாவும்போது எழும் கோரிக்கைகளும் அந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் பலரும் படிக்காமல் விடும் பகுதி வெளியேறும் விதி. எண்டெகாவை வாங்கியிருந்த கடைகள் 2011-க்குப் பின் ஆரக்கிளின் வாடிக்கையாளர்களாயின. தேடல் மென்பொருள் விற்ற அன்பெக்ஸ்ட் நிறுவனம் 2022-ல் நெட்கோர் நிறுவனத்தின் கைக்குப் போனது. க்ளெவுவும் அதே தொழிலில் இருந்த சர்ச்ஸ்பிரிங்கும் 2025-ல் ஏதோஸ் காமர்ஸ் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. கடை தேர்ந்த நிறுவனம் ஒப்பந்தம் முடியும்வரை அதே நிறுவனமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே ஒத்தசொல் பட்டியல், வரிசை விதிகள், எந்தத் தேடலுக்கு எந்தப் பொருள் சொடுக்கப்பட்டது என்ற பதிவு ஆகிய மூன்றையும் பிற மென்பொருளில் ஏற்றத்தக்க வடிவில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். அந்த மூன்றும் கடைக்கு வருபவர்களின் சொற்களிலிருந்து சேர்ந்தவை. அவற்றை விட்டுவிட்டு வெளியேறும் கடை, அடுத்த மென்பொருளிடம் தன் வாடிக்கையாளரின் மொழியை முதல் எழுத்திலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கும்.